ஒன்பதாவது நகல்

எங்கள் அணிக்குப் புதிதாகத் தலைமை ஏற்று வந்தவர், முதல் வாரத்திலேயே எல்லாருடைய நிரலையும் அளந்துவிட்டார். அதனால் அவருக்கு ‘மீட்டர்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. வைத்தவன் நான்தான்.

நாங்கள் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம். எடுத்த ரத்தத்தைக் கருவி அளந்து ஓர் எண் கொடுக்கும். அந்த எண் அந்த வயதுக்குச் சரியான அளவுதானா, கூடவா, குறைவா என்று பார்த்து, மாறியிருந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவது மென்பொருளின் வேலை. அந்த நட்சத்திரம் போடும் பகுதியை எட்டு வருடமாக நான் ஒருவனே எழுதி, ஒட்டி, நீட்டி வளர்த்திருந்தேன். ஒரு நாள்கூட அது படுத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அளந்த முடிவைக் கூட்ட அறையின் சுவரில் போட்டுக் காட்டினார் மீட்டர். ஒவ்வொரு கோப்பும் ஒரு கட்டம். சிக்கல் குறைவானவை பச்சை, கூடினால் மஞ்சள், அதற்கும் மேலே போனால் சிவப்பு. சுவரின் நடுவில், யாரோ தக்காளியை விட்டெறிந்ததுபோல என் கோப்பு இருந்தது.

“இந்த ஒரு ஃபங்ஷனுக்குள்ள எண்பத்தேழு வழி இருக்கு” என்றார். “உள்ள நுழைஞ்சா எந்த ‘இஃப்’ல திரும்பி எங்க வெளிய வருதுன்னு பாக்க எண்பத்தேழு தடவை சோதிக்கணும். இனிமே நாம பதினஞ்சைத் தாண்ட வேண்டாம்னு வெச்சுக்கலாம். அப்புறம், இந்தக் கோப்புல மூணுல ஒரு பங்கு, வேற எங்கயோ இருக்கறதோட நகல்.”

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார்கள்.

“நல்லா ஓடுதே மேடம்?” என்றேன்.

“ஓடுது. நாளைக்கு நீங்க இல்லாதப்ப இன்னொருத்தர் இதைத் தொட முடியுமா? அதைத்தான் அளந்து பாத்தேன். இது உங்களுக்குப் போட்ட மார்க் இல்லை. கோப்புக்குப் போட்டது.”

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். காலையில் பதினாறு பிள்ளைகளை எண்ணி ஏற்றி, மதியம் எண்ணி இறக்குகிறவள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“எண்பத்தேழுன்னா ஜாஸ்தியா?”

“ஜாஸ்திதான்.”

“அப்ப அவங்க சொன்னது சரிதானே?”

அன்று இரவு முழுக்க நான் அவளோடும் பேசவில்லை.

மீட்டருக்கு நீளமாக ஒரு பதில் கடிதம் எழுத ஆரம்பித்தேன். எட்டு வருட உழைப்பை ஓர் எண்ணில் அடக்க முடியாது என்கிற மாதிரி. மூன்றாம் நாள் அலுவலகத்தில் அதை முடித்துக்கொண்டிருந்தபோது, வலது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ ஏறியது. இரண்டு நாளாகவே அந்தக் கண்ணில் மின்னல் மின்னலாக வந்துகொண்டிருந்தது. தூக்கமில்லாததால்தான் என்று விட்டுவிட்டிருந்தேன். இப்போது திரையின் கீழ்ப்பாதி திரைச்சீலை போட்டதுபோல மறைந்தது. எனக்கு இடது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறிக் கண். அதை வைத்து ஆளை அடையாளம் தெரியும், எழுத்துத் தெரியாது.

பக்கத்து மேசையில் இருந்த புதுசிடம், “கண்ணுல என்னவோ மறைக்குதும்மா” என்று சொன்னேன். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அவளுக்குப் பிறகு யாரும் சேராததால் புதுசு என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நான் சொன்னது அந்தப் பக்கமாகப் போன மீட்டரின் காதில் விழுந்தது. நின்றார்.

“எந்தக் கண்? மின்னல் மாதிரி வந்துச்சா?”

“ரெண்டு நாளா.”

கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “எழுந்திருங்க.”

“சாயங்காலம் போய்க் காட்டிக்கறேன் மேடம்.”

“எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. அவர் மூணு நாள் பொறுத்துப் பாக்கலாம்னார்.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நான் எழுந்துகொண்டேன். காரில் போகும்போது அவரோடு சண்டை போட எழுதிய வரிகள் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

கண் மருத்துவர் விளக்கைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். “விழித்திரை கழண்டிருக்கு. நடுப்பகுதி மட்டும் இன்னும் ஒட்டிட்டிருக்கு. நீங்க நாளைக்கு வந்திருந்தா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன்” என்றார். மறுநாள் காலை அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் வாயுவை ஏற்றி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வைத்தார்கள். அந்த வாயுக் குமிழி சரியான இடத்தில் நிற்பதற்காக இரண்டு வாரம் நான் குப்புறக் கிடக்க வேண்டும். மணிக்கு ஐம்பது நிமிடம் தரையைப் பார்த்தபடி. மீதிப் பத்து நிமிடத்தில் சாப்பாடு, குளியல் எல்லாம். ஒரு மாதத்துக்குத் திரை பக்கமே போகக் கூடாது.

மனைவியின் தம்பி சோபா ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மறுநாளே அளவு நாடாவோடு வந்து, “மாமா, மூஞ்சியை ஆட்டாதீங்க” என்று என் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை அளந்தான். சாயங்காலத்துக்குள் ஒரு பழைய பெஞ்சில் முகம் நுழையுமளவு ஓட்டை போட்டு, சுற்றிலும் பஞ்சு வைத்து, ரெக்ஸின் தைத்து வேனில் ஏற்றிவிட்டான். அந்த ஓட்டை வழியாகத் தரையில் பதித்த நாலு ஓடுகளைப் பார்த்தபடி நான் கிடந்தேன். குமிழி வழியாக அதுவும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத்தான் தெரிந்தது.

நாலாம் நாள் புதுசு கூப்பிட்டாள். பரிசோதனை நிலையங்கள் எல்லாம் சேர்ந்து, குழந்தைகளுக்கான வயதுப் பிரிவுகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து ஐந்தாக மாற்றச் சொல்லியிருந்தன. இன்னும் மூன்று வாரத்தில் அது நடைமுறைக்கு வந்தாக வேண்டும். அதாவது என் கோப்பைத் திறந்தாக வேண்டும்.

“தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோங்க அண்ணா. இதுல ‘ஏஜ் டூ’ன்னு ஒண்ணு வருதே, அது என்ன?”

யோசித்தேன். நான் வைத்த பெயர்தான். எதற்கு வைத்தேன் என்று வரவில்லை.

“கீழ ‘ஏஜ் டூ ஃபைனல்’னு இன்னொண்ணு இருக்கு அண்ணா. அதுக்கும் கீழ ‘ஏஜ் டூ ஃபைனல் நியூ’.”

பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துபோனவன் மாதிரிக் கிடந்தேன். இரண்டு நிமிடம் கழித்து, “கொஞ்சம் பாத்துட்டுச் சொல்றேன்மா” என்று வைத்தேன். பார்ப்பது எப்படி?

“நான் படிக்கறேன்” என்றாள் மனைவி.

“உனக்கு அதெல்லாம் புரியாதே.”

“புரியறதுக்கு நீங்க இருக்கீங்க. எழுத்துக் கூட்டத் தெரிஞ்சா போதாதா?”

மீட்டரிடம் அனுமதி கேட்டேன். “கோட் மட்டும்தான். நோயாளி விவரம் எதுவும் அந்த மெஷின்ல இருக்கக் கூடாது” என்றார். “உங்களுக்கு முடியலைன்னா விட்டுடுங்க. நான் தேதியைத் தள்ளிவெக்கச் சொல்லிக் கேக்கறேன்.”

மறுநாள் காலை வேன் நடையை முடித்துவிட்டு வந்தவள், வேன் சாவியை ஆணியில் மாட்டி, முகம் கழுவிக்கொண்டு, என் தலைமாட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் மடிக்கணினி. மதியம் இரண்டரை வரை அவளுக்கு நேரமிருந்தது.

“இஃப். பிராக்கெட். ஏஜ். அப்புறம் வாயைப் பொளந்துக்கிட்டு ஒரு குறி.”

“வாய் எந்தப் பக்கம்?”

“வலது பக்கம் பொளந்திருக்கு.”

“லெஸ் தேன். குறைவுன்னு அர்த்தம்.”

“அப்புறம் மறுபடி ஒரு இஃப்.”

ஒரு ‘இஃப்’க்குள், அதாவது ‘இப்படி இருந்தால்’ என்ற நிபந்தனைக்குள், இன்னொரு ‘இஃப்’, அதற்குள் இன்னொன்று என்று போனது. எத்தனை திறந்திருக்கிறது, எத்தனை மூடியிருக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எழுந்து போய்க் கொடியில் இருந்த துணி கிளிப்புகளை ஒரு கைப்பிடி எடுத்து வந்தாள். ஒவ்வொரு ‘இஃப்’ திறக்கும்போதும் என் முதுகுச் சட்டையில் ஒரு கிளிப்பை மாட்டினாள். அது மூடியதும் கழற்றினாள். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். ஆறாவது கிளிப் மாட்டியபோது இரண்டு பேருமே சிரிப்பதை நிறுத்திவிட்டோம். ஏழாவதும் மாட்டினாள். அதன் பிறகு ஓர் ‘எல்ஸ்’ வந்தது. ‘இல்லாவிட்டால்’ என்று அர்த்தம்.

“எது இல்லாவிட்டா?” என்று கேட்டாள். “இது இந்த ஏழுல எதோட எல்ஸ்?”

“மேலேர்ந்து படி.”

படித்தாள். மூன்று முறை படித்தாள். ஒரு முறைகூட முணுமுணுக்கவில்லை. மூன்றாம் முறை முடிந்து தண்ணீர் குடித்துவிட்டு, “இதை எழுதும்போது உங்களுக்குத் தலை சுத்தலையா?” என்றாள்.

எழுதும்போது சுற்றவில்லை. கண் இருந்தது; மேலும் கீழும் ஓடிப் பார்த்துக்கொள்ளும். போதாததற்கு அன்றைக்குக் காலையில் என்ன நினைத்தேன் என்பதும் மனதில் இருக்கும். இப்போது இரண்டும் இல்லை. புதுசுக்கு என்றுமே இரண்டாவது இருந்ததில்லை. முதுகில் ஏழு கிளிப்போடு குப்புறக் கிடந்து எண்பத்தேழு என்றால் என்ன என்று நான் தெரிந்துகொண்டேன்.

அதற்கடுத்த இரண்டு நாளும் மற்ற கோப்புகளைப் படித்தோம். வயதை வைத்து அளவைச் சொல்லும் கணக்கு எங்கெங்கே இருக்கிறது என்று புதுசுக்குப் பட்டியல் வேண்டியிருந்தது. அச்சில் வரும் அறிக்கை, திரையில் வரும் அறிக்கை, மருத்துவருக்கு அவசரமாகப் போகும் எச்சரிக்கை என்று ஒவ்வொன்றாக.

“இதை நான் நேத்தே படிச்சேனே” என்றாள் மனைவி.

“அது அறிக்கையோடது. இது வேற.”

“வேற இல்லை. அதே பாட்டுதான். இருங்க.” பேப்பர் எடுத்துக் கோடு போட்டு வைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறை அதே பாட்டு வரும்போதும் ஒரு கோடு. அந்தந்தக் காலத்தில் அவசரத்துக்கு ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். எட்டுக் கோடு விழுந்தது.

கடைசியாக, நோயாளியின் கைப்பேசிக்குப் போகும் குறுஞ்செய்திக்கான கோப்பு. அதில் பெயர்களை மாற்றி, வரிகளை முன்னே பின்னே போட்டு எழுதியிருந்தேன். அவள் பாதி படித்ததும் நிறுத்தினாள்.

“ஒம்பது” என்றாள். பிறகு, “ஏங்க, மத்ததுல எல்லாம் பதினெட்டுன்னு வந்துச்சே. இதுல பன்னண்டுன்னு இருக்கு.”

“சரியாப் பாரு.”

“சரியாத்தான் பாத்தேன். ஒண்ணு, ரெண்டு. பன்னண்டு.”

தரையின் ஓடுகள் கண்ணுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. எலும்பு வளர்கிற வயதில் ஒரு குறிப்பிட்ட என்சைம் பெரியவர்களைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், அது நோயில்லை; பெரியவர்களுக்குக் கூடினால்தான் கல்லீரலைச் சந்தேகிப்பார்கள். அந்த வயது எதுவரை என்பதை ஏழு வருடம் முன்பு பன்னிரண்டிலிருந்து பதினெட்டாக மாற்றச் சொன்னார்கள். நான் எட்டு இடத்தில் மாற்றியிருக்கிறேன். ஒன்பதாவதை மறந்திருக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கையில் கொடுத்த காகிதத்தில் எல்லாம் சரி என்று இருந்திருக்கும். அம்மா அப்பாவின் கைப்பேசிக்கு மட்டும் ‘அளவு கூடுதல்’ என்று செய்தி போயிருக்கும்.

மனைவி கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். “யாருக்காவது ஏதாவது ஆயிருக்குமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“தெரியலை. ஃபோனைப் போடு.”

மீட்டரிடம் ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னேன். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

“எவ்வளவு நாளா?”

“ஏழு வருஷம் மேடம்.”

“சொன்னதுக்கு நன்றி. இன்னைக்கே அந்தப் பன்னண்டைத் திருத்திடச் சொல்றேன். நிலையங்களுக்கு நான் எழுதறேன்.” பிறகு, “நான் அளக்கற கருவி எட்டு நகலைத்தான் காட்டிச்சு. பேரை மாத்தி வரியைக் கலைச்சதால ஒம்பதாவது அதுக்குச் சிக்கலை. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நான் கண்டுபிடிக்கலை. என் மனைவி படிக்கறா.”

“அவங்க பக்கத்துல இருக்காங்களா?”

“இருக்கேங்க” என்றாள் அவள், முக்காலியிலிருந்து நிமிர்ந்து.

“ரொம்ப நன்றிங்க. இதை நாங்க யாரும் பாத்திருக்க மாட்டோம்.”

“பதினாறு பிள்ளைங்கள்ல ஒண்ணு குறைஞ்சா எனக்குத் தெரியணுமில்ல? அந்தப் பழக்கம்தாங்க” என்றாள் மனைவி.

எல்லா நிலையங்களிலும் சேர்த்து நானூற்று ஆறு தப்பான செய்திகள் போயிருந்தன. நிலையங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் பேசின. பெரும்பாலானவர்கள் அப்போதே மருத்துவரிடம் காகிதத்தைக் காட்டித் தெளிந்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் அப்பா மட்டும் இதை எழுதியவரிடம் பேச வேண்டும் என்றார். நான் சம்மதித்தேன். பெஞ்சில் கிடந்தபடியே பேசினேன்.

“எம் பொண்ணுக்கு மூணு தடவை ஊசி போட்டு ரத்தம் எடுத்தோம். கல்லீரல் போயிடுச்சோன்னு ஒரு மாசம் இந்த வீட்டுல யாரும் சரியாச் சாப்பிடலை. உங்களுக்கு அது ஒரு நம்பர்” என்றார். பத்து நிமிடம் பேசினார். நான் குறுக்கே பேசவில்லை. தப்பு என்னுடையதுதான் என்று மட்டும் கடைசியில் சொன்னேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று மாலை புதுசு கேட்டாள்: “அண்ணா, நாள் கம்மியா இருக்கு. ஒம்பது இடத்துலயும் புது வயசுப் பிரிவை அப்படியே போட்டுடவா?” ஒரு மாதம் முன்பு என்றால் போடச் சொல்லியிருப்பேன்.

“வேண்டாம்மா. ஒரே இடத்துல எழுதி, ஒம்பதும் அதைக் கேக்கற மாதிரி பண்ணிடு. என் எண்பத்தேழையும் பிரிச்சுடு.”

“உங்க கோட்ல நான் கை வெக்கலாமா அண்ணா?”

அவள் அதைக் கேட்ட விதத்தில், இத்தனை நாள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது. “தாராளமா” என்றேன்.

பெயர் விவரம் நீக்கிய சில ஆயிரம் பழைய முடிவுகளை அவள் திரட்டி வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு துண்டாகப் பிரித்த பிறகும் பழையதும் புதியதும் ஒரே விடை தருகின்றனவா என்று ஓட்டிப் பார்த்தாள். பிரித்த துண்டை எங்களுக்கு அனுப்புவாள். மனைவி படிப்பாள். என் முதுகில் மூன்று கிளிப்பைத் தாண்டினால் திருப்பி அனுப்புவது என்று விதி வைத்துக்கொண்டோம்.

“நாலாயிடுச்சும்மா” என்பாள் மனைவி ஃபோனில்.

“அய்யோ அக்கா, அது ஒண்ணே ஒண்ணு விட்டுக்குடுங்களேன்.”

“முதுகு இவரோடது. இவரைக் கேளு.”

சில நாள் அவர்கள் இருவரும் புதுசின் மாமியார் கதை பேச ஆரம்பித்து, நான் ஒருவன் கீழே கிடப்பதையே மறந்துவிடுவார்கள். ஒரு நாள் மனைவி ஒரு துண்டைப் படித்து முடித்து, “இது எனக்கே புரியுதே” என்றாள். வயதைக் கொடுத்தால் குழந்தைக்கான மேல் அளவைச் சொல்லும் துண்டு அது. மொத்தம் ஆறு வரி. எட்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை.

எண்பத்தேழு பதினான்கு துண்டாயிற்று. அதில் பெரியதற்கு ஒன்பது வழி. நகல் நூற்றுக்கு நான்கு பங்காகக் குறைந்தது. குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்பே புதிய ஐந்து வயதுப் பிரிவுகளும் நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

கண்ணுக்குள் இருந்த குமிழி நாளுக்கு நாள் சுருங்கி, ஒரு மிளகளவாகி, ஒரு காலையில் காணாமல் போனது. ஜன்னல் கம்பி கொஞ்சம் நெளிந்து தெரிந்தது. மற்றபடி எதிர்வீட்டு மாடியில் காயும் துணியின் கோடு வரைக்கும் தெரிந்தது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

ஆறு வாரம் கழித்து அரை நாள் வேலைக்குப் போகலாம் என்றார் மருத்துவர். முதல் நாள் நேரே மீட்டரின் அறைக்குப் போனேன்.

“ரெண்டுக்கு நன்றி சொல்லணும் மேடம். கண்ணுக்கு. அப்புறம் அந்த எண்பத்தேழுக்கு. இன்னொண்ணும் சொல்லணும். உங்களுக்கு மீட்டர்னு பேர் வெச்சது நான்தான்.”

“தெரியுமே” என்றார். “ஆப்பரேஷன் முடிஞ்சு அரை மயக்கத்துல என்னைக் காட்டி, ‘மீட்டர் வந்திருக்காங்க, காபி குடு’ன்னு உங்க வீட்டம்மாகிட்ட சொன்னீங்க.”

எனக்குக் காது சுட்டது. அவர் சிரித்துவிட்டு, “அவங்களும் குடுத்தாங்க. நல்லா இருந்துச்சு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்கப்பாவுக்குப் பார்வை வரலை. உங்களுக்கு வந்துச்சுன்னு அவர்கிட்ட சொன்னேன். சந்தோஷப்பட்டார்” என்றார்.

நான் வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரத்தில் புதுசு தங்கையின் பிரசவத்துக்காக விடுப்பில் போயிருந்தாள். அப்போது ஒரு நிலையம் சின்ன மாற்றம் ஒன்று கேட்டது. வேறு அணியிலிருந்து வந்த ஒருவர் கோப்பைத் திறந்து, பார்த்து, ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டுப் போனார். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் போன பிறகுதான் எனக்கே தெரியும். முன்பானால் முகம் தொங்கிப் போயிருக்கும். அன்று எதிர் மேசைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மதியத்துக்கு மேல் எனக்குத் திரை பார்க்க அனுமதியில்லை, வண்டி ஓட்டவும் அனுமதியில்லை. அதனால் மனைவியின் வேனில் உதவியாளனாக ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைக் கைப்பிடித்து இறக்கி, வீட்டுப் பெரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவள் கண்ணாடியில் பார்த்து எண்ணிக்கொண்டே இருப்பாள்.

“ரொம்ப நன்றிடி” என்று ஒரு நாள் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் சொன்னேன். சரியான வார்த்தையைத் தேடிப் பல நாள் ஆகியிருந்தது. கடைசியில் அதுதான் வந்தது.

“எதுக்கு?”

“படிச்சதுக்கு. மூணு தடவையும் மேலேர்ந்து படிச்சதுக்கு.”

அவள் கியரை மாற்றினாள். பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

“நீங்க குப்புறக் கெடந்தப்ப நான் உங்களை விட்டு வேற எங்க போறது?” என்றாள். கண்ணாடியில் பிள்ளைகளை ஒரு முறை எண்ணினாள். பிறகு, “அடுத்த வீடு வந்தாச்சு, இறங்குங்க. அந்தக் குட்டி ஷூவைக் கழட்டி வெச்சிருக்கா, போட்டு விடுங்க” என்றாள்.

நான் குனிந்து சீட்டுக்கடியில் ஷூவைத் தேடினேன். நீல நிறம், வெள்ளை நாடா. ஓரத்தில் இருந்த தையல்வரை எனக்குத் தெரிந்தது.